கல்லாப்பெட்டி மட்டும்தான் என்னுடையது

6,14,825 ரூபாய் 41 காசு. இந்தத் தொகையில் என்னை மெய்சிலிர்க்க வைப்பது அந்த 41 காசுதான். 2,265 பிரஷர் குக்கர்களை விற்றுக்கொடுத்த வகையில் அமேசானுக்குக் கிடைத்த கமிஷன் இது. நிறுவனமே நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் முன் ஒப்புக்கொண்ட தொகை. கணக்கு படு சுத்தம். குக்கர்தான் சுத்தமில்லை. 2021 பிப்ரவரி 1 முதல் இந்தியத் தரநிலைக்கு உட்படாத வீட்டு உபயோகக் குக்கரை யாரும் விற்கக் கூடாது என்று மத்திய அரசு ஆணை போட்டிருந்தது. அடியில் நெருப்பு, உள்ளே ஆவி, ஒரு முழம் தள்ளி மனுஷி நிற்கிறாள் என்பதால் போட்ட ஆணை. அதற்குப் பிறகும் அந்தக் குக்கர்கள் படத்தோடும் நட்சத்திரத்தோடும் விற்றன.

2022 ஆகஸ்டில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெகுண்டெழுந்தது. வாங்கியவர்களுக்குத் தகவல் சொல், குக்கர்களைத் திரும்பப் பெறு, பணத்தைக் கொடு என்று உத்தரவிட்டது. கூடவே அபராதம். எவ்வளவு? 1 லட்சம் ரூபாய். குக்கர் ஒன்றுக்குக் கமிஷன் வரவு ஏறக்குறைய 271 ரூபாய்; அபராதச் செலவு 44 ரூபாய். தப்பு செய்த பிறகும் குக்கருக்கு 227 ரூபாய் கையில் நிற்கும் தொழில் வேறு எங்காவது இருந்தால் சொல்லுங்கள், நானும் பணம் போடுகிறேன்.

அதே வருடம் 598 குக்கர் விற்ற ஃபிளிப்கார்ட்டுக்கும் 1 லட்சம்தான். 73 விற்ற ஸ்னாப்டீலுக்கும் 1 லட்சம். 39 விற்ற பேடிஎம் மாலுக்கும் அதே 1 லட்சம். பண்டிகைக் கால ஆஃபர் போடும் உரிமை தனியாருக்கு மட்டுமா சொந்தம்? எத்தனை வேண்டுமானாலும் விற்றுக்கொள், அபராதம் ஒரே விலை! மொத்த வியாபாரிக்குத் தள்ளுபடி இருக்க வேண்டியதுதானே. 39 குக்கர் விற்றவர்தான் பாவம், சில்லறை விலை கொடுத்து மாட்டிக்கொண்டார்.

அந்த 1 லட்சத்தையாவது முகம் சுளிக்காமல் கட்டினார்களா என்றால், அதுவும் இல்லை. அமேசான் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. ஃபிளிப்கார்ட்டும் போனது. வக்கீலின் ஒரு நாள் கட்டணம் அபராதத்தை விட அதிகமாக இருந்திருக்கும். ஆனாலும் போனார்கள் என்றால் விஷயம் பணம் இல்லை. ஆணையம் தன் உத்தரவில் ஒரு விபரீதமான கருத்தை எழுதிவைத்திருந்தது: ஒவ்வொரு விற்பனையிலும் காசு பார்க்கிறவர், பொருளில் கோளாறு என்று வரும்போது மட்டும் ஒதுங்கிக்கொள்ள முடியாது. நம் ஊரில் எந்தப் பாட்டியைக் கேட்டாலும் சொல்லக்கூடிய நியாயம். பல்லாயிரம் கோடி வணிகத்தின் அடிவாரத்தில் வைத்த வெடி என்று அது அவர்களுக்குத் தெரிந்தது.

ஏனென்றால் அவர்கள் விற்பவர்கள் இல்லையாம். இடைநிலை நிறுவனமாம். வீட்டுக்கு வரும் அட்டைப்பெட்டியை ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். பெட்டியின் நான்கு பக்கமும் அவர்கள் பெயர். ஒட்டியிருக்கும் டேப்பில் அவர்கள் பெயர். கொண்டுவந்த பையனின் சட்டையில் அவர்கள் பெயர். பணம் போனது அவர்கள் கணக்குக்கு; திருப்பித் தந்தாலும் அவர்கள் வாலட்டில்தான் வந்து விழும். தேடியபோது எந்தக் குக்கர் முதலில் கண்ணில் பட வேண்டும் என்று முடிவு செய்ததும் அவர்கள். எல்லாம் முடிந்து, பில்லின் ஒரு மூலையில், எறும்பு எழுதியது போன்ற எழுத்தில் நாம் ஜென்மத்தில் கேள்விப்படாத ஒரு டிரேடர்ஸ் பெயர் இருக்கும். விற்றவர் அவர்! ஃபிளிப்கார்ட் வழக்கில் ஆணையம் இதைத்தான் பிடித்துக்கொண்டது. ஒவ்வொரு பில்லிலும் ‘பவர்டு பை ஃபிளிப்கார்ட்’ என்று போட்டாக வேண்டும் என விற்பவர்களைக் கட்டாயப்படுத்துகிறீர்கள், அவர்களைத் தங்கம், வெள்ளி, வெண்கலம் என்று தரம் பிரித்துச் சலுகை கொடுக்கிறீர்கள், பிறகு எனக்கும் விற்பனைக்கும் சம்பந்தமில்லை என்றால் எப்படி?

இந்த ‘சம்பந்தமில்லை’க்குச் சட்டப் புத்தகத்தில் ஒரு விலாசம் இருக்கிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டம், 79ஆம் பிரிவு. அதை வெறும் கயவாளித்தனம் என்று சொல்லமாட்டேன். 2004 டிசம்பரில் பாஸீ டாட்காம் என்ற தளத்தில் யாரோ ஒருவர் சட்டவிரோத வீடியோவை விற்பனைக்குப் போட்டார் என்பதற்காக, அந்த நிறுவனத்தின் தலைவரையே டெல்லி போலீஸ் கைது செய்தது. ஊரில் எவனோ எழுதியதற்குச் சுவர்க்காரனை உள்ளே வைக்கும் அபத்தம் அது. அதன் பிறகுதான் 2008 திருத்தத்தில் 79ஆம் பிரிவை விரிவாக்கினார்கள். 2015இல் ஷ்ரேயா சிங்கால் வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போய், நீதிமன்ற உத்தரவோ அரசின் அறிவிப்போ வந்தால்தான் தளத்துக்கு ‘தெரியும்’ என்று அர்த்தம் என்றது. சரியான தீர்ப்பு. இல்லாவிட்டால் போகிற வருகிறவன் எல்லாம் ‘நீக்கு’ என்று கடிதம் போட, தளங்கள் பயந்து நம் வாயைத்தான் முதலில் கட்டியிருக்கும். உங்கள் பேச்சையும் என் பேச்சையும் காப்பாற்றக் கட்டிய கூரை அது. இப்போது அதன் கீழே யார் படுத்திருக்கிறார்கள் என்று எட்டிப்பார்த்தால், 2,265 குக்கர்.

குக்கர் எந்தக் கருத்தைச் சொன்னது, அதற்குக் கருத்துரிமை கொடுக்க?

கூத்து என்னவென்றால், நுகர்வோரைக் காக்க வந்த விதிகளே அந்தக் கூரைக்குக் கதவு வைத்துக் கட்டியிருக்கின்றன. 2020 ஜூலையில் வந்த மின்வணிக விதிகளைப் படியுங்கள். 79ஆம் பிரிவின் பாதுகாப்பு வேண்டும் என்கிற சந்தைத் தளம் அந்தப் பிரிவின் நிபந்தனைகளைக் கடைப்பிடிக்க வேண்டும் என்று ஒரு விதி. கேட்க நல்லபிள்ளை மாதிரி இருக்கும். வக்கீலின் காதில் அது வேறு மாதிரி விழும்: ‘ஆக, நுகர்வோர் சட்டத்திலும் எனக்கு 79 உண்டு. நன்றி.’

இந்த வித்தையை எங்கள் தெருமுனை அண்ணாச்சிக்குக் கற்றுக்கொடுத்தால் எப்படி இருக்கும்? எடையளவு ஆய்வாளர் வந்து நிற்கிறார்.

“என்ன அண்ணாச்சி, தராசுக்கு முத்திரை வைக்கலையா?”

“தராசு என்னுது இல்ல சார். விக்கிறவரையும் வாங்குறவரையும் சேத்து வைக்கேன், அவ்வளவுதான்.”

“கல்லாவுல உக்காந்திருக்கிறது யாரு?”

“அது சேவைக் கட்டணம் வாங்குத இடம் சார்.”

“பருப்புல கல்லு கிடக்கு.”

“பருப்பு போட்டவரு விருதுநகர்ல இருக்காரு. மூட்டைக்கு அடியில சின்னதா பேரு எழுதியிருக்கும், புரட்டிப் பாருங்க.”

“அப்ப இந்தக் கடை யாரோடது?”

“கடைன்னு சொல்லாதீங்க சார். மனசு கஷ்டமா இருக்கு.”

அடுத்த நிமிடம் தராசு ஜீப்பில் ஏறியிருக்கும். அண்ணாச்சிக்கு 79 கிடையாது. அவருக்கு இருப்பது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 86ஆம் பிரிவு. தயாரித்தவர் யாரென்று தெரியாமல் போனால் விற்றவர் தலையில் பொறுப்பைப் போடும் பிரிவு அது. இருநூறு சதுர அடிக் கடைக்கு அந்தச் சட்டம். இரண்டாயிரம் குக்கரை நாடு முழுக்க அனுப்பிய கிடங்குக்கு இந்தச் சட்டம்.

இதுவரை சொன்னது ஒரு கோர்ட்டின் கதை. ‘நான் கடைக்காரனே இல்லை’ என்று அழும் கோர்ட். இனி, ‘இந்தக் கடைவீதியை நீ வளைத்துப் போட்டுவிட்டாய்’ என்று வழக்கு வரும் கோர்ட்டுக்குப் போவோம். 2020 ஜூலை 29 அன்று அமெரிக்க நாடாளுமன்றத்தின் ஏகபோக எதிர்ப்புக் குழுவின் முன்பு அமேசானின் ஜெஃப் பெசோஸ் சாட்சியம் சொன்னார். உலகச் சில்லறை வணிகம் 25 லட்சம் கோடி டாலர், அதில் அமேசானின் பங்கு 1 சதவீதத்துக்கும் கீழே, அமெரிக்கச் சில்லறை வணிகத்தில் 4 சதவீதத்துக்கும் கீழே என்றார். கவனித்தீர்களா? இங்கே அவர் சில்லறை வியாபாரி. ஊரில் உள்ள அத்தனை மளிகைக்கடையோடும் துணிக்கடையோடும் சேர்த்து வரிசையில் நிற்கும் ஏழைக் கடைக்காரர். ஆதிக்கம் உண்டா என்று கேட்டால் கடைக்காரர், பொறுப்பு உண்டா என்று கேட்டால் கடைக்காரர் இல்லை.

அதே அமெரிக்காவில் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் முன் மூன்றாவது அவதாரம். விஷவாயு கசிந்தால் கத்தவேண்டிய கருவி கத்தவில்லை. தண்ணீரில் விழுந்தால் ஷாக் அடிக்காமல் காக்கும் அமைப்பு முடி உலர்த்தியில் இல்லை. இப்படி 4 லட்சத்துக்கும் மேற்பட்ட பொருட்கள், அமேசானின் கிடங்கிலிருந்து போனவை. நாங்கள் விற்பவரும் இல்லை, விநியோகிப்பவரும் இல்லை, சரக்கை எடுத்துச் செல்லும் மூன்றாம் நபர் என்று வாதம். 2024 ஜூலையில் ஆணையம் அதைத் தள்ளிவிட்டு, நீ விநியோகஸ்தன்தான் என்றது. அடுத்த வருடமே ஆணையத்தின் மீது அமேசான் வழக்குப் போட்டது. பாவம், அந்தப் பார்சல் சர்வீஸுக்கு எத்தனை மன உளைச்சல்.

நம் ஊருக்கு வருவோம். இந்தியாவில் அந்நிய முதலீட்டில் நடக்கும் தளம் சரக்கைச் சொந்தமாக வைத்து விற்கக் கூடாது. வாங்குபவரையும் விற்பவரையும் சேர்த்துவைக்க மட்டும் செய்யலாம். அதாவது இடைநிலை வேஷத்தை நாமே தைத்துக் கொடுத்தோம். அவர்கள் சட்டத்தை மதிப்பவர்கள். சரக்கைச் சொந்தமாக வைத்துக்கொள்ளவில்லை. சரக்கு வைத்திருப்பவரில் பங்கு வைத்துக்கொண்டார்கள். அமேசானும் நாராயணமூர்த்தியின் கேடமரனும் சேர்ந்து நடத்திய கூட்டு நிறுவனத்தின் கீழ் கிளவுட்டெயில் என்ற விற்பனையாளர் வளர்ந்தார். அமேசானின் உள் ஆவணங்களைப் பார்த்து 2021 பிப்ரவரியில் ராய்ட்டர்ஸ் எழுதியதை எத்தனை முறை படித்தாலும் அலுக்காது. 2019 தொடக்கத்தில் தளத்தில் 4 லட்சத்துக்கும் மேற்பட்ட விற்பனையாளர்கள். அவர்களில் அமேசானுக்கு மறைமுகப் பங்குள்ள இரண்டே பேர் மொத்த விற்பனை வருவாயில் சுமார் 35 சதவீதம். அந்த இருவரோடு இன்னும் முப்பத்துச் சொச்சம் பேரைச் சேர்த்தால் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. மீதி லட்சக்கணக்கான சிறு வியாபாரிகள் எதற்கு? விளம்பரத்தில் சிரிப்பதற்கு. கைத்தறி நெசவாளி, ஊறுகாய் போடும் அம்மா, பித்தளை விளக்கு செய்யும் பெரியவர் என்று அமைச்சர்களுக்குக் காட்டும் ஆல்பத்தில் அவர்கள் இடம் நிரந்தரம். தேடினால் வரும் முதல் பக்கத்தில்தான் இடமில்லை. யாருக்கும் சலுகை காட்டவில்லை என்பது அமேசானின் பதில். கிளவுட்டெயில் 2022 மே மாதத்தோடு மூடப்பட்டது.

இந்தச் சலுகைப் புகாரை டெல்லி வியாபாரிகள் சங்கம் ஒன்று இந்தியப் போட்டி ஆணையத்திடம் கொண்டுபோனது. 2020 ஜனவரி 13 அன்று ஆணையம் விசாரணைக்குத்தான் உத்தரவிட்டது. தண்டனைக்கு இல்லை. விசாரணையே கூடாது என்று அமேசானும் ஃபிளிப்கார்ட்டும் கர்நாடக உயர் நீதிமன்றத்துக்குப் போய் பிப்ரவரியில் ஸ்டே வாங்கின. 2021 ஜூனில் ஸ்டே போனது. அப்பீல். தப்பு செய்யவில்லை என்றால் விசாரணைக்கு எதற்குக் கூச்சம் என்ற தொனியில் டிவிஷன் பெஞ்ச் ஜூலையில் தள்ளியது. உச்ச நீதிமன்றம் ஆகஸ்டில் கைவிரித்தது. அறிக்கை 2024இல் முடிந்தது. வேண்டியவர்களுக்குச் சலுகை காட்டியது உண்மை என்று அதில் இருப்பதாகச் செய்தி வந்தது. உடனே நாட்டின் பல மூலைகளில் உள்ள உயர் நீதிமன்றங்களில் வரிசையாக வழக்குகள் முளைத்தன. எல்லாவற்றையும் ஓரிடத்தில் சேர்த்துத் தாருங்கள் என்று ஆணையமே உச்ச நீதிமன்றத்தின் வாசலில் நிற்க வேண்டியதாயிற்று. புகார் கொடுத்த கடைக்காரர்களில் எத்தனை பேர் இதற்குள் ஷட்டரை இறக்கினார்கள் என்று கணக்கெடுக்க எந்த ஆணையமும் இல்லை.

சென்னைக்காரர்களுக்கு இன்னொரு கதவு இன்னும் நன்றாகத் தெரியும். பாரத் மேட்ரிமோனி நடத்தும் மேட்ரிமோனி டாட்காம் உள்ளிட்ட நிறுவனங்கள், கூகுள் பிளே ஸ்டோரின் கட்டணம் அநியாயம் என்று சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போயின. ஆண்ட்ராய்டுக்கும் பிளே ஸ்டோருக்கும் நாங்கள் செய்த முதலீட்டுக்கான கட்டணம் என்பது கூகுளின் நிலை. ஆக, இங்கே கூகுள் சுவர்க்காரன் இல்லை. நிலம் வாங்கி, வீதி போட்டு, விளக்கு வைத்த முதலாளி. 2023 ஆகஸ்டில் நீதிமன்றம், இது போட்டி ஆணையம் பார்க்க வேண்டிய விவகாரம், சிவில் கோர்ட்டுக்கு வேலையில்லை என்று பெரும்பாலான வழக்குகளை வாசலிலேயே நிறுத்தியது. அப்பீலும் 2024 ஜனவரியில் போனது. சரி, போட்டி ஆணையத்தின் கதவில் என்ன இருக்கிறது? 2022 அக்டோபரில் இதே பிளே ஸ்டோர் விவகாரத்துக்காக அது கூகுளுக்கு 936.44 கோடி ரூபாய் அபராதம் போட்டது. 2025 மார்ச்சில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தில் அது 216.69 கோடியாக இளைத்தது.

இடையில், 2024 மார்ச் 1 அன்று, கூகுள் கோர்ட் வாசலில் காத்திருக்கவில்லை. திருமணத் தகவல் செயலிகள், வேலை தேடும் செயலி, வீடு தேடும் செயலி என்று பத்து நிறுவனங்களின் செயலிகளை ஒரே நாளில் பிளே ஸ்டோரிலிருந்து தூக்கியது. மாப்பிள்ளை, வேலை, வீடு மூன்றும் ஒரே நாளில் மாயம்! பொருத்தம் பார்க்கும் தொழிலில் பத்துக்கும் பொருத்தமில்லை என்று சொல்லிவிட்டார்கள். இதைத் தீர்த்தது எந்தச் சட்டம்? எதுவும் இல்லை. தகவல் தொழில்நுட்ப அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ் கோபப்பட்டார், கூப்பிட்டுப் பேசினார், சில நாட்களில் செயலிகள் திரும்பி வந்தன. மூன்று சட்டங்கள், இரண்டு ஆணையங்கள், ஒரு தீர்ப்பாயம், இத்தனை கோர்ட்டுகள் செய்யாததை ஒரு மீட்டிங் செய்தது. அமைச்சருக்கு மூட் சரியில்லாத நாளில் என்ன ஆகும் என்று நான் கேட்கவில்லை. என் செயலியும் அந்த ஸ்டோரில்தான் இருக்கிறது என்று நினைப்பவர்கள் யாருமே கேட்கமாட்டார்கள்.

இரண்டு கோர்ட்டுகளில் பேசிய பேச்சை யாராவது பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்களா? அபூர்வமாக நடந்திருக்கிறது. கூகுளின் விளம்பரத் தொழில் பற்றிய வழக்கில் 2023 ஆகஸ்டில் டெல்லி உயர் நீதிமன்றம், இன்னொருவரின் வணிகப்பெயரை விளம்பரச் சொல்லாக விற்றுக் காசு பார்ப்பவர் வேடிக்கை பார்ப்பவர் ஆகமாட்டார், அதில் உரிமை மீறல் இருந்தால் 79ஐக் காட்டித் தப்ப முடியாது என்றது. அமெரிக்காவில் 2024இல் இன்னும் நேரடியாகவே நடந்தது. எதைக் காட்டுவது, எதை மறைப்பது என்று நாங்கள் தேர்ந்தெடுப்பது எங்களுடைய பேச்சு, அதில் அரசு கைவைக்கக் கூடாது என்று தளங்கள் உச்ச நீதிமன்றத்தில் வாதாடின. ஜூலையில் நீதிமன்றமும் தலையாட்டியது. ஆகஸ்டில், டிக்டாக் தானாகக் காட்டிய ஒரு வீடியோவைப் பார்த்து இறந்துபோன பத்து வயதுச் சிறுமியின் வழக்கில் மூன்றாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அங்கே, அடுத்தவர் பேச்சுக்கு நாங்கள் பொறுப்பில்லை என்ற பழைய கேடயத்தை எடுத்திருந்தார்கள். நீதிபதிகள் போன மாதத்துத் தீர்ப்பைப் பிரித்துக் காட்டினார்கள்: தேர்ந்தெடுப்பது உன் பேச்சு என்றாயே, அப்படியென்றால் அதற்கு நீதான் பொறுப்பு. இந்த எளிய கூட்டல் கணக்கைப் போட ஒரு குழந்தை சாக வேண்டியிருந்தது.

நம் டெல்லியில் இந்தக் கூட்டலைப் போட யாருக்கும் அவசரமில்லை, காரணம் இருக்கிறது. 79ஆம் பிரிவு தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்தின் கையில். போட்டிச் சட்டம் கம்பெனி விவகார அமைச்சகத்தின் கையில். குக்கர் நுகர்வோர் விவகாரத் துறையின் கையில். முதலாமவருக்கு 79 என்பது மாட்டின் மூக்கணாங்கயிறு. நீக்கு என்றால் நீக்க வேண்டும், இல்லாவிட்டால் பாதுகாப்பு போய்விடும். 2021இல் விதிகள் வந்தபோது அதற்குக் கொடுத்த கெடு 36 மணி நேரம். தலைவரைக் கேலி செய்யும் படத்துக்குக் கெடு மணிக்கணக்கில். வெடிக்கக்கூடிய குக்கருக்குக் கெடு வருடக்கணக்கில். கயிறு கையில் இருக்கும்வரை மாடு யார் வயலில் மேய்ந்தால் இவர்களுக்கு என்ன?

மாற்ற யாரும் முயலவில்லை என்று பழி போடக் கூடாது. 2021 ஜூனில் நுகர்வோர் துறை ஒரு வரைவு விதி விட்டது. விற்பவர் கைவிட்டால் தளமே பொறுப்பேற்க வேண்டும், தன்னோடு தொடர்புள்ளவரை விற்பனையாளராக உட்காரவைக்கக் கூடாது என்றெல்லாம் அதில் இருந்தது. பொறுப்பையும் போட்டியையும் ஒரே தாளில் எழுதிய நல்ல வரைவு. அரசின் மற்ற துறைகளிலிருந்தே முணுமுணுப்பு கிளம்பியது. வரைவு தூங்கப் போனது. 2024 மார்ச்சில் டிஜிட்டல் போட்டி மசோதா என்று இன்னொரு வரைவு. பெரிய தளங்கள் தங்கள் சரக்கைத் தாங்களே முன்னால் தள்ளக் கூடாது என்று முன்கூட்டியே தடுக்கும் மசோதா. அதுவும் பக்கத்துக் கட்டிலில் படுத்துக்கொண்டது. நடுவே 2023 நவம்பரில், வாடிக்கையாளரை ஏமாற்றும் திரை வித்தைகள் 13 என்று பட்டியல் போட்டு ஒரு வழிகாட்டுதல் வந்தது. ‘இன்னும் 2 மட்டுமே மிச்சம்’ என்று பொய் அவசரம் காட்டுவது முதல் வித்தை. எனக்குத் தெரிந்து அந்த 2 இன்னும் மிச்சமிருக்கிறது.

சரி, இத்தனை புலம்பலுக்குப் பதில் புகார் கொடுக்கலாமே என்பீர்கள். கொடுக்கலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலேயே பேசுவார்கள், மரியாதையாகவும் பேசுவார்கள். பெயர், ஆர்டர் எண், பில், படம் எல்லாம் வாங்கிக்கொள்வார்கள். புகார் எண்ணும் வந்துவிடும். அதன் பிறகு, பெரிய நிறுவனங்கள் உதவி மையத்தோடு கூட்டாளிகளாகப் பதிவு செய்துகொண்டிருப்பதால், உங்கள் புகார் தீர்வுக்காக நேராக அந்த நிறுவனத்துக்கே அனுப்பப்படும். அங்கிருந்து பதில் வரும்: “சிரமத்துக்கு வருந்துகிறோம். தயவுசெய்து விற்பனையாளரைத் தொடர்புகொள்ளவும்.”